நான் போகாத ஊர்களுக்கு ஒரு சுற்றுலாத் திட்டம்

நான் வேலை செய்யும் ஊரில் சாமான் வாங்க வருகிறவர்கள் கடைக்குள் வருவதில்லை. வாசலில் காரை நிறுத்தி ஹாரனை அழுத்துவார்கள். நான் ரொட்டி அடுக்குவதை விட்டுவிட்டு ஓடிப்போய்க் கார்க் கண்ணாடியோரம் குனிய வேண்டும். உள்ளே இருப்பவர் தண்ணீர் என்பார், அல்லது மோர் என்பார். எடுத்துக்கொண்டு திரும்ப ஓட வேண்டும். எங்கள் அச்சன்புதூரில் ஒருவர் இப்படி ஹாரன் அடித்தால் கடைக்காரர் தலையைத் தூக்காமலே, “இறங்கி வந்தா காலு தேஞ்சிருமோ” என்று கேட்டிருப்பார். வந்த முதல் வாரம் எனக்கும் அந்தக் கேள்வி வாய்வரைக்கும் வந்தது. தமிழில் வந்ததால் தப்பித்தேன். இப்போது ஹாரனின் நீளத்தை வைத்தே யார் வந்திருக்கிறார், என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவேன். பத்து வருஷமாக இந்த சவூதி அரேபியாவை நான் பார்த்ததெல்லாம் ஒரு கார்க் கண்ணாடி இறங்கும் அளவுக்குத்தான்.

இதை நம்மூர்ப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். வாப்பாவோ அப்பாவோ வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் முக்கியமாகப் படிக்க வேண்டும். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் என் மூத்த மகள் நஸ்ரின் திருத்திவிடுவாள். விஷயத்தில் இருந்த பிழைகளை அவள் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டாள். அது எப்படி என்றுதான் சொல்லப் போகிறேன்.

நான் இங்கே வந்தபோது நஸ்ரினுக்கு ஐந்து வயது. சின்னவள் சுமையா பிறக்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் நஸ்ரின் போனில், இன்றைக்கு லீவுதானே, எங்கே போனீர்கள் என்று கேட்பாள். வெள்ளிக்கிழமை எனக்கு லீவு என்பது ஜும்ஆ தொழுகையை ஒட்டி மூன்று மணி நேரம். அதற்குள் துணி துவைக்க வேண்டும், முடி வெட்ட வேண்டும், கொஞ்சம் தூங்கவும் வேண்டும். துணி துவைத்தேன் என்று ஒரு பிள்ளையிடம் எத்தனை வாரம் சொல்வது? ஒருநாள், அபஹாவுக்குப் போனேன் என்று சொல்லிவிட்டேன். அபஹா இந்த நாட்டின் தெற்கே மலைமேல் இருக்கும் ஊர். பாவூர்சத்திரத்துக்காரர் செல்லத்துரை அண்ணாச்சி அங்கே காய்கறி மார்க்கெட்டில் வேலை பார்க்கிறார். முந்தின நாள்தான் அவர் போனில், மலையெல்லாம் மூடுபனி, சாரல், குரங்கு, அப்படியே நம்ம குற்றாலம் என்று சொல்லியிருந்தார். அவருடைய சாரலை எடுத்து என்மேல் தெளித்துக்கொண்டேன். குரங்கு என்ன செய்தது என்று பிள்ளை கேட்டது. அண்ணாச்சி கையிலிருந்த ரொட்டியைப் பிடுங்கிய குரங்கு, அந்த நிமிஷத்திலிருந்து என் கையிலிருந்து பிடுங்கியதாக ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. எங்கள் பக்கத்து ஆள் இல்லாத ஊர் சவூதியில் கிடையாது. அதனால் எனக்குக் கதைப் பஞ்சமும் வரவில்லை. ஜித்தாவில் என் மனைவி ரஹ்மத்தின் மாமா மகன் கனி மச்சான் இருந்தார். அவர் பார்த்த கடலை நான் பார்த்தேன். ரியாத்தில் கடையநல்லூர்க்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் ஏறிய வானளாவிய கோபுரத்தில் நான் ஏறினேன். வியாழக்கிழமை அவர்களுக்கு போன் போடுவேன், வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்குச் சொல்வேன். ரஹ்மத்திடம் மட்டும் உண்மையைச் சொல்லி, பிள்ளைகளிடம் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டேன். அவள் சரி என்றாள். கொஞ்சம் சீக்கிரமாகவே சரி என்றாள். அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

இந்த வருஷம், நஸ்ரின் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்ததும், மூன்று பேரும் உம்ரா என்னும் மக்கா யாத்திரைக்கான விசாவில் வருவது என்று முடிவாயிற்று. முன்பெல்லாம் அந்த விசாவில் வந்தால் மக்கா, மதீனா, ஜித்தா தவிர வேறெங்கும் போக முடியாது. இப்போது நாடு முழுக்கச் சுற்றலாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் நஸ்ரின் வீடியோவில் ஒரு பழைய நோட்டைக் காட்டினாள். அட்டையில் ‘வாப்பா போன இடங்கள்’ என்று எழுதியிருந்தது. எழுதத் தெரிந்த நாளிலிருந்து நான் சொன்ன ஒவ்வொன்றையும் ஊர் வாரியாக எழுதி வைத்திருக்கிறாள். பதினைந்து நாளில் இது எல்லாவற்றையும் எங்களுக்குக் காட்ட வேண்டும் என்றாள். அவள் வாசிக்க வாசிக்க எனக்கு வேர்த்தது. பாதிக்கு மேல் எனக்கே ஞாபகம் இல்லை. அபஹாவில் மூன்றாவது வளைவில் ஒரு டீக்கடை, அங்கே கிளாசுக்குள் பனி இறங்கியது என்று வாசித்தாள். அப்படி ஒரு டீக்கடையை எதற்காகக் கட்டினேன் என்று இன்றுவரைக்கும் புரியவில்லை. பத்து வருஷமாக என்னைப் பெரிய ஊர்சுற்றி என்று நம்பிக்கொண்டிருக்கும் இரண்டு பிள்ளைகள் முன்னால், துணி துவைத்தவனாக நிற்க வேண்டிவருமே என்பதுதான் என் பயம்.

எப்படியாவது திட்டத்தைச் சாமர்த்தியமாகப் போட்டுச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். ஏனென்றால் சுற்றுலாத் திட்டம் போடுவது எனக்குக் கைவந்த வேலை. வெளிநாடு வரும் முன் தென்காசியில் வேன் ஓட்டினேன். ஜூன் மாதம் சாரல் விழுந்ததும் மதுரை, சிவகாசி, விருதுநகர் என்று பல ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். எந்த அருவியில் முதலில் குளிப்பது என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. விடிந்ததும் ஐந்தருவி, கூட்டம் வருமுன். சின்னப் பிள்ளைகள் இருந்தால் புலியருவி. மதியத்துக்குப் பழைய குற்றாலம். மெயின் அருவி கடைசியில், எண்ணெய் தேய்த்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்காக. கிளம்பும் முன் அருவிக்கரையில் பழக்கடை வைத்திருந்த ஒருவருக்கு போன் போட்டு, தண்ணி எப்படி விழுது என்று கேட்டுக்கொள்வேன். வெள்ளம் அதிகம், போலீஸ் குளிக்க விடவில்லை என்றால் வரிசையை மாற்றிவிடுவேன். வண்டி ஓட்டிக்கொண்டே கதையும் சொல்வேன். ஐந்தருவிக்கு மேலே விடியக்காலையில் யானைகள் வந்து தண்ணீர் குடிக்கும், நாம் குளிப்பது யானை குடித்த மிச்சம் என்பேன். நான் மேலே போனதே கிடையாது. ஆனால் வெளியூர்ப் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே குளிக்கும்.

எங்களையும் ஒருநாள் கூட்டிப் போங்கள் என்று ரஹ்மத் கேட்பாள். சீசனில் வேன்காரன் வீட்டுக்கு வேன் கிடைக்காது. அடுத்த வாரம் என்பேன். அந்த அடுத்த வாரம் வருமுன் விசா வந்துவிட்டது. இங்கே எனக்கு விடுமுறை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் மாசி, பங்குனியில். அப்போது குற்றாலத்தில் பாறையைத்தான் பார்க்கலாம். அதனால் ஒவ்வொரு சீசனிலும், நீங்களாவது உம்மாவோடு போய்க் குளித்துவிட்டு வாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். அவர்களும் போய்விட்டு வந்து ஈரத் தலையோடு வீடியோவில் நிற்பார்கள். தண்ணி சும்மா தலையில இடி மாதிரி விழுந்துச்சு வாப்பா என்பாள் சுமையா. என்னோடு கடையில் நிற்கும் மலையாளத்துக்காரர் சலீமிடம், இன்று என் பிள்ளைகள் அருவிக்குப் போனார்கள் என்று நான்கு தடவை சொல்வேன்.

இந்த அனுபவத்தை வைத்துத்தான் சவூதிக்கும் திட்டம் போட்டேன். முதல் நாள் காலை ஜித்தாவில் கடல், மதியம் அபஹா மலை, இருட்டும் முன் ரியாத் கோபுரம் என்று எழுதினேன். நீங்கள் சிரிப்பீர்கள். ஊர்கள் தள்ளித்தள்ளி இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். எவ்வளவு தள்ளி என்று தெரியாது. போனிலேயே போய்வந்ததால் எனக்கு எல்லா ஊரும் ஒரே தூரத்தில் இருந்தன. நஸ்ரின் அதைக் கேட்டுவிட்டு, போனில் இருக்கும் மேப்பைத் திறந்தாள்.

“உங்க ஊர்ல இருந்து அபஹாவுக்குப் பதினாலு மணி நேரம் காட்டுது வாப்பா. போறதுக்கு மட்டும்.”

“அது பழைய ரோட்டக் காட்டும்.”

“ஜும்ஆ முடிஞ்சு போயிட்டு, ராத்திரி கடை தொறக்க வந்துட்டேன்னு சொன்னீயல்லா?”

“அப்பல்லாம் டிராஃபிக் கம்மி, மக்களே.”

அவள் நோட்டில் என்னமோ எழுதும் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் ரஹ்மத் ரொம்ப நேரம் இருமினாள். அன்றிலிருந்து திட்டம் என் கையை விட்டுப் போய்விட்டது. நஸ்ரினே நாள் வாரியாக எழுதி அனுப்பினாள். முதலில் உம்ரா, பிறகு ஜித்தா, அபஹா, ரியாத், கடைசியில் என் கடை. கடையில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். அது நோட்டில் இல்லை, அதனால் பார்க்க வேண்டும் என்றாள். ரஹ்மத் தன் பங்குக்கு ஒரு பட்டியல் அனுப்பினாள். அதில் பார்க்கும் இடமே இல்லை, எல்லாம் வீடுகள். ஜித்தாவுக்குப் போய்விட்டுக் கனி வீட்டில் சாப்பிடாமல் வந்தால், நாம் அடுத்த ஊர் சேருமுன் செய்தி அச்சன்புதூருக்குப் போய்விடும் என்றாள். அது உண்மைதான். எங்கள் ஆட்கள் ஓர் ஊருக்குப் போவதென்றால் அந்த ஊரில் யார் வீட்டில் சோறு என்பதை முடிவு செய்த பிறகுதான், பார்க்க என்ன இருக்கிறது என்று விசாரிப்போம். ஆனால் எந்தெந்த ஆட்களிடம் நான் கதை வாங்கினேனோ, அதே ஆட்கள் வீட்டில்தான் பந்தி.

இந்தக் கவலையோடு நான் கல்லாவில் ஒரு சவூதி மேப்பை விரித்து வைத்திருந்தபோது, தினமும் நீளமாக ஹாரன் அடிக்கும் ஒரு சவூதிப் பெரியவர் அதிசயமாக இறங்கி உள்ளே வந்தார். என்ன இது என்று அரபியில் கேட்டார். எனக்குத் தெரிந்தது கடைக்கான அரபி. பிள்ளைகள், ஜித்தா, விமானம் என்று மூன்று வார்த்தை சொல்லி ஜித்தாவில் விரலை வைத்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மறுநாள் ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு வந்து என்னைக் கட்டிப்பிடித்து, தெரியாமல் ஏதாவது கடுமையாகப் பேசியிருந்தால் மன்னித்துக்கொள் என்றார். நான் ஒரேயடியாக ஊருக்குப் போகிறேன் என்று நினைத்துவிட்டார். மறுக்க வார்த்தை இல்லாமல் வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் முதலாளியே ஓடி வந்தார். சம்பளத்தில் குறையா, சலீமோடு சண்டையா என்று கேட்டார். சலீம் விளக்கிச் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதியில் பதினைந்து நாள் லீவையும் கொடுத்தார்.

பிறகு ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். பிள்ளைகள் முன்னால் நான் அடிக்கடி வந்துபோகிறவன் மாதிரி பேச வேண்டும் என்று கெஞ்சினேன். கனி மச்சான் உற்சாகமாகச் சம்மதித்தார். செல்லத்துரை அண்ணாச்சிதான் மடங்கவில்லை.

“ஏலே சாகுலு, பிள்ளையளுகிட்ட பொய் சொல்ல எனக்கு வாய் வராது. கேக்கலன்னா சும்மா இருப்பேன். கேட்டா உள்ளதத்தான் சொல்லுவேன்.”

உம்ரா நல்லபடியாக முடிந்தது. மக்காவுக்கு நான் முன்பே ஒருமுறை உண்மையாகப் போயிருந்ததால், நெஞ்சை நிமிர்த்தி எல்லோரையும் கூட்டிப்போனேன். கஅபாவைக் கண்டதும் கேட்கும் துஆ கபூலாகும், வேண்டியது நிறைவேறும் என்பார்கள். அண்ணாச்சியிடம் பிள்ளைகள் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்று கேட்க நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அந்த இடத்தில் அதைக் கேட்க வெட்கமாக இருந்ததால் பிள்ளைகளின் படிப்பையும் ஆரோக்கியத்தையும் மட்டும் கேட்டேன். இரண்டு நாள் கழித்து, கேட்டே இருக்கலாமோ என்று தோன்றியது.

ஜித்தாவில் கனி மச்சான் வீட்டில் பிரியாணி வைத்திருந்தார்கள். மச்சான் என் தோளில் கை போட்டு, “இவுக எப்ப வந்தாலும் இந்த சோபாவுலதான் படுப்பாவ” என்றார். சுமையா அதில் உட்கார்ந்தாள். சரசரவென்று சத்தம் வந்தது. கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை இன்னும் கிழிக்கப்படவில்லை. நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவர் அதை, போதாது, இன்னும் சொல் என்று எடுத்துக்கொண்டார். போன வருஷம் கடலில் மூழ்கப்போன ஒரு ஆளை நான் நீந்திப்போய் இழுத்து வந்தேன் என்றார். எனக்கு நீச்சல் தெரியாது. அது பிள்ளைகளுக்கும் தெரியும். நஸ்ரின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், எந்த இடத்தில் மாமா என்று கேட்டு நோட்டைத் திறந்தாள். மச்சான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். எதிரே இன்னொரு அடுக்குமாடிதான் தெரிந்தது. ரஹ்மத் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனவள் கால் மணி நேரம் வரவில்லை.

அபஹாவுக்கு பஸ்ஸில் போனோம். மலை ஏற ஏறக் காற்று குளிர்ந்து, கண்ணாடியில் துளித்துளியாக ஈரம் படிந்தது. பத்து வருஷமாக நான் வர்ணித்த ஊருக்குள் முதல் தடவையாக நுழைந்துகொண்டிருந்தேன். அதைக் காட்டிக்கொள்ளாமல் வாயை மூடி உட்கார்ந்திருப்பது பெரிய பாடாக இருந்தது. அண்ணாச்சி தன் பிக்கப் வண்டியோடு காத்திருந்தார். மார்க்கெட் வாசனையும் திருநீறுமாக, ஊரில் பார்த்த மாதிரியே இருந்தார். பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தாரே தவிர, சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. மலை உச்சிக்குக் கூட்டிப்போனார். நாய் மூஞ்சியோடு பெரிய பெரிய குரங்குகள் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பனி எங்களைச் சுற்றிப் புகை மாதிரி போனது.

நஸ்ரின் நோட்டைப் பார்த்து, அந்த மூன்றாவது வளைவு டீக்கடைக்குக் கூட்டிப்போங்கள் என்றாள். நான் முன்னால் நடந்தேன். அண்ணாச்சி கடைசியில் வந்தார். முதல் வளைவில் ஒன்றுமில்லை. இரண்டாவது வளைவில் பனி மட்டும் இருந்தது. மூன்றாவது வளைவில் ஒரு குப்பைத் தொட்டியும், அதன்மேல் ஒரு கிழட்டுக் குரங்கும் இருந்தன. டீக்கடையை இடித்துவிட்டார்கள்போல என்றேன். இதுதான் உங்கள் ரொட்டியைப் பிடுங்கிய குரங்கா என்று சுமையா கேட்டாள். ஆமாம், பாவம் வயசாகிவிட்டது என்றேன். அந்த நேரம் பார்த்து அது இறங்கி வந்து, என் கையிலிருந்த பன் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தது. பத்து வருஷத்துக்கு முன் நான் சொன்ன பொய், கொஞ்சம் தாமதமாக நடந்தேறியது. பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். அண்ணாச்சி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, வேட்டி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

“மாமா, நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம்” என்றாள் நஸ்ரின். “எனக்கு மேப்பு பாத்த அன்னிக்கே தெரியும்.”

என் காது சூடானது. குரங்கையே பார்த்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை துணிதான் துவைத்தேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். கோபமாக இருக்கிறாளா என்று பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுமையா அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

“ஏட்டி, அப்போ நம்மளதையும் சொல்லிருவமா?”

சொன்னார்கள். இத்தனை சீசனில் ஒரு தடவைகூட அவர்கள் குற்றாலம் போனதில்லை. கூட்டத்தில் இரண்டு பெண் பிள்ளைகளைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சமாளிக்க ரஹ்மத்துக்குத் தைரியம் வரவில்லை. போகவில்லை என்றால் வாப்பா வருத்தப்படுவாரே என்று, நான் வீடியோவில் வருமுன் கொல்லைக் குழாயில் தலையை நனைத்துக்கொண்டு நிற்பார்களாம். இடி மாதிரி விழுந்தது என்று சொல்லிக் கொடுத்தது அக்கா. நான் ரஹ்மத் பக்கம் திரும்பினேன்.

“என்னைய ஏன் பாக்கீய?” என்றாள் அவள். “ரெண்டு கூட்டமும் வந்து, அங்கன சொல்லிராத அங்கன சொல்லிராதன்னு எங்கிட்டதான் சொன்னீய. நான் சொல்லல.”

அண்ணாச்சிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. “நல்லா இருக்குலே உங்க குடும்பம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுக்கப் போனார். நானும் சிரித்தேன். ஆனால் சலீமிடம் நான்கு தடவை சொன்ன அந்த நாட்கள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் மலையில் நிற்பதாக நினைத்துப் பள்ளிக்கூடத்தில் யாரிடமாவது சொல்லியிருப்பார்கள். பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் யாராவது போனில் ரொம்ப அழகாக ஒரு ஊரை வர்ணித்தால், உடனே மேப்பைத் திறக்காதீர்கள். கொஞ்ச நாள் கழித்துத் திறங்கள்.

பிக்கப்பில் திரும்பும்போது நஸ்ரின் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். குற்றாலத்துக்கு எப்படிப் போக வேண்டும், முதலிலிருந்து சொல்லுங்கள் என்றாள். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடத்துக்கு, அபஹா மலையில் ஒரு காய்கறி வண்டிக்குள் உட்கார்ந்து திட்டம் போட்டோம். எத்தனை மணிக்குக் கிளம்புவது, பெண்கள் பக்கம் எங்கே கூட்டம் குறைவு, துணி எங்கே மாற்றுவது, எந்தக் கல் வழுக்கும் என்று சொல்லச் சொல்ல எழுதினாள். ஒரு கேள்விக்கும் நான் தயங்கவில்லை. யானை உண்மையா என்று கேட்டாள். அது எனக்குத் தெரியாது என்று எழுதிக்கொள் என்றேன். ரியாத்தில் நான்கு பேரும் முதல் தடவையாகக் கோபுரம் ஏறினோம். கடைசி நாள் என் கடைக்கு வந்தார்கள். ஒரு முழு நாள் என் ஸ்டூலில் உட்கார்ந்து நஸ்ரின் கடையைப் பற்றி மூன்று பக்கம் எழுதினாள். இந்தக் கார்களுக்கு இத்தனை தடவை ஓடுகிறீர்களா என்று மட்டும் கேட்டாள்.

அவர்கள் ஊர் திரும்பிய மறுமாதம் சாரல் விழுந்தது. ஒருநாள் காலை கடையில் நான் பால் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது வீடியோ கால் வந்தது. மூன்று பேரும் வேனில் போய்க்கொண்டிருந்தார்கள். ஐந்தருவி ரோட்டில் நான் வழி சொல்லிக்கொண்டே வந்தேன். நான் சொன்ன இடத்தில் நான் சொன்ன பழக்கடை இல்லை, வழி இரண்டு இடத்தில் மாறியிருந்தது. தண்ணீர் மட்டும் நான் சொன்ன இடத்தில்தான் விழுந்தது. ரஹ்மத் போனைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். பிள்ளைகள் உள்ளே போவது தெரிந்தது, பிறகு வெள்ளையாகத் தண்ணீரும் அதன் சத்தமும் மட்டும். கடை வாசலில் யாரோ காரை நிறுத்தினார்கள். சலீம் போய்ப் பார்த்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சுமையா நடுங்கிக்கொண்டே ஓடிவந்து, வாப்பா என்று போனுக்கு நேராகத் தலையை உதறினாள். படம் முழுக்கத் துளிகள் தெறித்து, அவள் முகம் கலங்கிப்போனது. நான் சட்டை முனையை இழுத்து என் போனைத் துடைத்தேன். ஈரம் போகவில்லை. இன்னும் ஒருமுறை அழுத்தித் துடைத்தேன்.